வாலில் பூசிய நீலம்

"இத வெட்டித் தரணும்க்கா" என்று காவ்யஸ்ரீ வெள்ளைப் பூட்ஸ் இரண்டையும் மேசைமேல் வைத்தாள். இரண்டின் அடியிலும் நீளமான எஃகுத் தகடு பளபளத்தது.

கனகலட்சுமி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவனியாபுரத்தில் அவளுடைய சாணைப் பட்டறைக்கு அச்சகத்துக் காகிதக் கத்தி வரும், சிப்ஸ் கடைச் சீவல் தகடு வரும், ரம்பம் வரும். இப்படி ஒன்று வந்ததில்லை. தகட்டின் அடியில் நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஓடியது. பள்ளத்தின் இரு கரையும் இரண்டு தனித்தனி விளிம்பு. முன்நுனியில் ரம்பப் பல், பின்நுனியில் குதிகாலைத் தாண்டி நீண்ட வால். அதைச் செய்தவன் கெட்டிக்காரன் என்று அவளுடைய விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"எதுக்கு வெட்டணும்? நல்லாத்தான இருக்கு?"

"வாலு நீளம்க்கா. இவன் கால்ல இடிக்குது." காவ்யஸ்ரீ பக்கத்தில் நின்ற தம்பி ஹரிஷ்குமாரைக் காட்டினாள். அவன் பேன்ட்டைத் தூக்கிக் கெண்டைக்காலில் இருந்த தழும்பைப் பெருமையாகக் காண்பித்தான்.

"காரணம் தெரியாம நான் எதையும் வெட்டுறதில்ல தாயி. உக்காந்து சொல்லு."

திருநகரில் இருந்து வந்த அக்காவும் தம்பியும் மதுரையில் சக்கரம் வைத்த ஸ்கேட்டிங் பழகி, வருடத்துக்கு இரண்டு முறை டேராடூனுக்கு ரயிலேறிப் போய் ஐஸ் மேல் ஆடுகிறவர்கள். காவ்யஸ்ரீ இத்தனை நாளும் தனியாட்டம் ஆடினாள். அதில் தாவல்தான் உயிர். அந்தரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில், அதுவும் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். அந்த ஒரு தாவலுக்கு அவள் நான்கு வருடம் விழுந்து எழுந்திருக்கிறாள். இப்போது தம்பி வளர்ந்துவிட்டதால் இருவரும் ஜோடி நடனத்துக்கு மாறியிருக்கிறார்கள். பத்து நாளில் போட்டிக்கான அணித் தேர்வு.

"இறங்குறப்போ உடம்பு எடை பூராவும் பின்னால சாயும்க்கா. அப்ப வாலுதான் தாங்கும்."

கனகலட்சுமிக்குப் பளிச்சென்று புரிந்தது. கிரேன் வண்டி பாரம் தூக்குவதற்கு முன் பக்கவாட்டில் காலை நீட்டி ஊன்றிக்கொள்கிறதே, அதேதான். "சரி, அப்ப நடனத்துக்கு?"

"அதுல பெரிய தாவலே கெடயாது. ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே ஓடணும். குதிகாலும் குதிகாலும் உரசுற மாதிரி காலை மாத்தி மாத்தி வைக்கணும். வாலு நீண்டுச்சுனா எங்க காலையே மிதிச்சிருவோம். அதான் நடன பிளேடுக்கு வாலு குட்டையா இருக்கும்."

"இவ போன மாசம் மிதிச்சா, நான் நாலு பல்டி" என்றான் ஹரிஷ்குமார்.

"நீ மலைமாடு மாதிரி பின்னாலயே நின்னா?"

அவனுக்கு நடன பிளேடு கிடைத்துவிட்டது. அவளுடைய சின்னக் காலுக்கு வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும். நாற்பது நாள் ஆகும். வெட்டினால் தேர்வுக்குப் போகலாம். ஆனால் அவளிடம் இருப்பது இந்த ஒரு ஜோடிதான். வெட்டிய வாலில் அந்தத் தாவலை இறக்க முடியாது.

கனகலட்சுமி அளவுகோலை எடுத்தாள். பூட்ஸ் அடி இருநூற்று நாற்பது மில்லிமீட்டர். பிளேடு இருநூற்று நாற்பத்தெட்டு. "அடியவிடப் பிளேடு நீளமாவா இருக்கணும்?"

காவ்யஸ்ரீ அசடு வழியச் சிரித்தாள். "இல்லக்கா. அடிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கணும். பதினாறு வயசுல வாங்குனது. வளர்ற கால்னு எங்கம்மா அரை இஞ்ச் பெருசா வாங்கச் சொன்னாங்க. கால் வளரவே இல்ல."

"ஸ்கூல் செருப்பு வாங்குற கணக்கா!" கனகலட்சுமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு கூர்முனைக் கம்பியால் வாலில் இரண்டு கோடு கீறினாள். "முதக் கோடு பன்னெண்டு மில்லி. இது உங்கம்மா பெருசா வாங்குன அளவு. இது போனாலும் நீ தாவலாம். ரெண்டாவது கோடு அதுக்கும் உள்ள இருபது மில்லி, குதிகாலோட மட்டம். அதுதான் நடன அளவு. முதக் கோட்டோட நிறுத்திப் பாப்போமா? ஒருவேள அதுவே போதும்."

அந்த 'ஒருவேளை'யைக் கேட்டதும் காவ்யஸ்ரீயின் முகத்தில் வெளிச்சம் வந்ததைக் கனகலட்சுமி கவனித்தாள். ஆனால் போதுமா என்பதை ஐஸ் மேல் ஏறாமல் எப்படிப் பார்ப்பது?

அவளுடைய கணவன் உக்கிரபாண்டி குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். ஒரு போன் போட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஐஸ் ஃபேக்டரியில் இருந்து பெஞ்சு நீளத்தில் எட்டு ஐஸ் பார் வந்து இறங்கின. பட்டறைக் கொட்டகைக்குள் சாக்கு விரித்து, அவற்றை நெருக்கி அடுக்கி, இடுக்குகளில் தண்ணீர் ஊற்றினார்கள். பாருக்குள் கடுங்குளிர் இருந்ததால் ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே வெள்ளையாக இறுகியது.

"மாப்ள, பாத்து ஆடு. மீனுக்குப் போற ஐஸு. விழுந்தா ஒரு வாரத்துக்கு வஞ்சிர வாசம் அடிக்கும்" என்றான் உக்கிரபாண்டி.

கனகலட்சுமி அலமாரியில் இருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தாள். இரண்டு உலோகப் பரப்புகள் எங்கே தொடுகின்றன என்று கண்டுபிடிக்க பட்டறைகளில் நீலப் பசை வைத்திருப்பார்கள். ஒன்றில் பூசி இன்னொன்றில் சேர்த்தால், தொட்ட இடம் நீலமாகிவிடும், பொய் சொல்லாது. அதைக் காவ்யஸ்ரீயின் இரண்டு வாலிலும் மெல்லப் பூசினாள்.

"ஆடுங்க."

ஹரிஷ்குமார் அக்காவுக்குப் பின்னால் ஒட்டி நின்று இடுப்பில் கை வைத்தான். ஒரு கட்டிலளவு ஐஸ்தான். அதற்குள் இருவரும் காலை மாற்றி, திரும்பி, மறுபடி மாற்றினார்கள். இறங்கியபோது அவனுடைய வலது பூட்ஸில் ஏழு இடத்தில் நீலம்.

ஐஸைச் சாக்கால் மூடிவிட்டு, பூட்ஸில் இருந்து தகடுகளைக் கழற்றி, மெல்லிய அறுப்புச் சக்கரத்தின் அடியில் பொருத்தினாள் கனகலட்சுமி. கெட்டிப்படுத்திய எஃகு சூடேறினால் உறுதி போய்விடும். அதனால் பால்போல வெளுத்த குளிர்நீர் கொட்டிக்கொண்டே இருக்க, சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக இறக்கினாள். அவசரப்படாத அந்தக் கையையே காவ்யஸ்ரீ பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மில்லி போனது. வெட்டிய முனையை உருட்டி வழவழப்பாக்கி, மறுபடி பூட்டினாள்.

நீலம். ஆட்டம். கனகலட்சுமி குனிந்து தம்பியின் பூட்ஸைத் திருப்பினாள்.

ஏழு இப்போது ஒன்றாகியிருந்தது. கணுக்காலுக்குக் கீழே, சுண்டுவிரல் நகமளவு.

"ஒண்ணுதான? சமாளிச்சுக்கலாம்" என்றான் ஹரிஷ்குமார். "நான் கால இன்னும் தள்ளி வச்சுக்கிறேன்க்கா. நீ தாவுறத விடாத."

"நீ தள்ளி வச்சா நம்ம ரெண்டு பேர் ஆட்டமும் கோணும்டா."

கனகலட்சுமிக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் அளவு எடுப்பது அவள் வேலை. எதை விடுவது என்பது அந்தப் பெண்ணுடையது. மேலே விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. அதன் இரைச்சல் அடங்கும்வரை காவ்யஸ்ரீ அந்த நீலப் பொட்டையே பார்த்தாள். பிறகு ஐஸின் ஓரத்துக்குப் போய், காலை மடக்கி எழும்பி, அரைச்சுற்று மட்டும் சுற்றிப் பின்பக்கமாக இறங்கினாள். அவ்வளவுதான் இடம் இருந்தது. இறங்கிய கால் அசையவில்லை. வால் அவளை அப்படியே தாங்கி நிறுத்தியது.

உக்கிரபாண்டி வாய் பிளந்தான். "அம்மாடி! இம்புட்டு அழகாவா?"

காவ்யஸ்ரீ உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். "ரெண்டாவது கோட்டுல வெட்டுங்கக்கா."

இம்முறை கனகலட்சுமி முன்னைவிட மெதுவாக அறுத்தாள். துண்டு இரண்டும் தண்ணீரோடு தட்டில் விழுந்தன. அவற்றைத் துடைத்து நீட்டியபோது காவ்யஸ்ரீ ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "இன்னொண்ணு நீங்க வச்சுக்கங்கக்கா."

ஐஸ் பாதி கரைந்து கொட்டகைத் தரை முழுக்கத் தண்ணீர். கடைசியாக நீலம் பூசினாள். இருவரும் ஏறினார்கள். குதிகாலும் குதிகாலும் உரசும் தூரத்தில் வந்து விலகின. திரும்பும்போது யார் கால் எது என்று பிரிக்க முடியவில்லை. நான்கு காலுக்கும் ஒரே மூச்சு. கத்திபோன்ற நாலு தகடு இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று தொடாமல் ஓடுவதைக் கனகலட்சுமி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. இருபது மில்லி செய்யும் வேலையா இது!

"நிப்பாட்டுங்க, பாக்கணும்" என்றாள்.

ஹரிஷ்குமாரின் பூட்ஸைத் தொடைமேல் வைத்து, வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். குதிகால், பக்கவாட்டு, நுனி. விரலால் தடவியும் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"சுத்த வெள்ள" என்றாள்.

காவ்யஸ்ரீ மூச்சை விட்டாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடா. ஐஸு இன்னும் அஞ்சு நிமிஷம் தாங்கும்."