மாமனார் வீட்டுக் கார்

மகள் இறந்த பிறகும் அவளுடைய கார் அம்மா வீட்டு ஷெட்டிலேயே நின்றது. நோய் முற்றி, பிறந்த வீட்டில் வந்து படுத்துக்கொள்ள அவளே ஓட்டிவந்து நிறுத்திய கார். மருமகன் அதைக் கேட்கவில்லை. மாமனாரும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லவில்லை. ரொட்டிக் கடை அடுப்பு முன்னாலேயே ஆயுசைக் கழித்த அந்த மனிதர், முடி நரைத்த பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டு, மாமியாரை அதில்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வந்தார்.

போன வாரம் சிக்னலில் பச்சை விழுந்து நகரும்போது இன்ஜினுக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. கார் அங்கேயே நின்றுவிட்டது. தெருக்காரர்கள் தள்ளிவந்து ஷெட்டில் விட்டார்கள். இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் இருந்தும், மாமனார் மருமகனுக்குத்தான் போன் செய்தார்.

மருமகன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அறுந்தது இன்ஜினின் டைமிங் பெல்ட்தான் என்று போனிலேயே ஊகித்து, விடுமுறை நாளில் காலையிலேயே புது பெல்ட்டும் கருவிப் பையுமாக வந்து இறங்கினான். சொல்லியாக வேண்டிய ஒரு சேதியும் அவனிடம் இருந்தது. அதை எங்கே ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை.

“லிஃப்ட்காரருக்கு ஏத்தி இறக்கத்தானே தெரியும். ஓட வைக்கத் தெரியுமா மாப்பிள்ளை?” என்று மாமனார் சிரித்தார்.

“பாப்போம் மாமா. ஆனா ஒண்ணு. பெல்ட் அறுந்தப்ப பிஸ்டன் போய் வால்வுல இடிச்சிருந்தா, வால்வு வளைஞ்சிருக்கும். அப்புறம் புது பெல்ட் போட்டும் பிரயோஜனம் இல்ல. போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்.”

“இடிச்சிருக்காது,” என்றார் மாமனார். மகளுக்கு ஸ்கேன் எடுத்த அன்றைக்கும் இதே குரலில்தான் ஒன்றும் இருக்காது என்று சொன்னார்.

ஜாக்கி வைத்துத் தூக்கி முன்சக்கரத்தைக் கழற்றினான். அடியில் இருந்த பெரிய போல்ட் அசைவேனா என்றது. இன்ஜின் சேர்ந்து சுற்றாமலிருக்க, மாமனாரை உள்ளே உட்கார்ந்து கியரைப் போட்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னான். அவர் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

“சீட்டைப் பின்னால தள்ளிக்கலாமே மாமா.”

“இருக்கட்டும். அவ வெச்சது.”

ஸ்பேனருக்கு நீளக் குழாய் ஒன்றைச் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினான். போல்ட் முனகிக்கொண்டு இளகியது. மூடியைக் கழற்றியதும் பழைய பெல்ட் பல் எல்லாம் உதிர்ந்து நாராய்த் தொங்கியது. மாமனார் இறங்கிவந்து அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இன்ஜினின் மேல் பல்சக்கரத்தின் குறியையும் கீழ்ப் பல்சக்கரத்தின் குறியையும் நேராக்கி, புது பெல்ட்டை மாட்ட வேண்டும். ஓர் ஆள் மேல் சக்கரத்தை அசையாமல் பிடிக்க வேண்டும். மாமனார் பிடித்தார். மருமகன் கீழே குனிந்து பெல்ட்டைச் செருகினான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத அந்த நேரத்தில் சொன்னான்.

“மாமா, எனக்கு வேற இடத்துல பேசி முடிச்சிருக்காங்க. அக்காதான் பாத்தாங்க. நானும் சரின்னுட்டேன்.”

 மேல் சக்கரத்தின் குறி ஒரு பல் விலகியது.

“மார்க் நகந்துடுச்சு மாமா.”

“ம். நீங்களே சரி பண்ணிக்குங்க.” சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, “நல்லவளா?” என்று கேட்டார்.

“நல்லவதான் மாமா.”

“இனிமே உங்கள என்னன்னு கூப்பிடுறது? இன்னொரு வீட்டு மாப்பிள்ளைய நான் மாப்பிள்ளைன்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?”

 மருமகன் குறியைச் சரிசெய்து, பெல்ட்டை விறைப்பாக்கும் உருளையை இறுக்கி, ஸ்பேனரைப் போட்டு இன்ஜினைக் கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்த்தான். தடங்கல் இல்லை. அதைக் கண்டு மாமனார் முகம் கொஞ்சம் தெளிந்தது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிச் சக்கரத்தையும் மாட்டினார்கள்.

சாவியைத் திருப்பினான். இன்ஜின் கனமே இல்லாமல், வெறும் டப்பா மாதிரி கடகடவென்று சுற்றியது, பற்றவில்லை. இன்னொரு தரம் திருப்பினான். ஒரு செருமல்கூட இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“வால்வு போயிடுச்சு மாமா. மேல் பாகத்த முழுசா பிரிக்கணும். அடுத்த வாரம் வந்து...”

“வேணாம். உங்களுக்காக ஒருத்தி காத்திருப்பா. லீவு நாள்ல இங்க வந்து கரியப் பூசிக்கிட்டு நிக்காதீங்க.” அதில் கோபம் இல்லை. “அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

“இல்ல மாமா. நானே சொல்றேன்.”

சமையலறையில் மாமியார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடித்தான். அவள் குழாயை மூடவில்லை. அவன் இரண்டு கைகளையும் இழுத்து, சோப்பில் சர்க்கரையைக் கலந்து போட்டு, குழந்தைக்குத் தேய்ப்பதுபோல் விரல் விரலாகத் தேய்த்துக் கிரீஸை எடுத்தாள். நகக்கண்ணைக்கூட விடவில்லை.

“எத்தன நாள்தான் தனியா கிடப்பீங்க. நானே சொல்லலாம்னு இருந்தேன், வாய் வரல,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “கல்யாணத்துக்கு எங்களக் கூப்பிடாதீங்க,” என்றாள்.

“அத்தை, அப்படிச் சொல்லாதீங்க.”

“கூப்பிட்டா அவர் வந்துடுவார். வந்து சிரிச்சிக்கிட்டு முன் வரிசையில உக்காருவார். வீட்டுக்கு வந்த பிறகு அவர யார் தேத்துறது?”

அவன் கூப்பிடவில்லை. மழைக்காலத்தில் பதிவு அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் கல்யாணம் நடந்தது. கார் பல மாதம் ஷெட்டிலேயே நின்று, கடைசியில் இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த மெக்கானிக்கிடமே விலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டான்.

பிறகு ஒரு நாள், புது மனைவியோடு பஸ்ஸில் போகும்போது, எதிர்ப்புற நிறுத்தத்தில் இருவரையும் பார்த்தான். மாமியார் பெஞ்சில் சாய்ந்திருந்தாள். மாமனார் அவளுக்கு வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றார். பஸ் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார். இவன் எழுந்து கதவு வரைக்கும் போனான்.

“யாருங்க தெரிஞ்சவங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“எங்க மாமாவும் அத்தையும்,” என்றான்.

அவள் வேறொன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கத் தயாரானாள். ஆனால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இவர்கள் திரும்பி ஓடிவருவதற்குள், அந்தப் பெஞ்சு காலியாகியிருந்தது.