களையெடுப்பில் உதவியவர்

மரபணுச் சோதனை முடிவு கணினிக்கு வந்ததும் டொக்டர் திவாகரன், ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பிரேமிளாவைத்தான் கூப்பிட்டார்.

"இருபத்து மூண்டாம் மாதிரி குரக்கனே இல்லை. குரக்கனுக்கு ரெண்டு மரபணுத் தொகுதி இருக்கவேணும். இதில ஒண்டுதான் இருக்கு. உம்மட அம்மா தந்தது புல்லு விதை, பிள்ளை."

பக்கத்துக் கதிரையில் இருந்த நிரோஷா, அவரிடம் முதுமாணிப் பட்டத்துக்குப் படிப்பவள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

கம்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்ட லயத்துக்குப் பின்னால், பிரேமிளாவின் அம்மா சுந்தரி வருஷா வருஷம் போடுகிற விதை அது. வீட்டில் அதற்குக் கேப்பை என்று பெயர், ஆய்வுகூடத்தில் குரக்கன். சுற்றிலும் எல்லாம் எரிபந்த நோயில் கருகும்போதும் அது மட்டும் நிமிர்ந்து நிற்கும். அதைக் கொண்டுவந்தவள் என்று பிரேமிளாவையும் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களில் சேர்ப்பதாகத் திவாகரன் சொல்லியிருந்தார். அந்தப் பெயர் இருந்தால்தான் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். விதை போனால் பெயரும் போச்சு.

அவள் நேரே பச்சைவீட்டுக்குப் போய் இருபத்து மூன்றாம் தட்டைத் தூக்கிவந்து அவர் மேசையில் வைத்தாள்.

"சோதனைக்கு இலை வெட்டின தடம் எதுல இருக்குன்னு பாருங்க சேர்."

தட்டில் ஒன்பது செடிகள். எட்டுக்கு அடித்தண்டு உருண்டை. ஒன்றுக்கு மட்டும் தட்டையாய், வெள்ளையாய். வெட்டுத் தடம் அதில்தான் இருந்தது.

"இது களை. கேப்பைக்குள்ளயே மொளைக்கும், பாக்க அதே மாதிரி இருக்கும். எங்க அம்மா கண்ண மூடிக்கிட்டே தடவிப் புடுங்கிரும். நீங்க என்னைய பிலிமத்தலாவைக்குச் சட்டி வாங்க அனுப்புன அன்னைக்கு நிரோஷா வெட்டுன இலை இது."

நிரோஷா கணினியைப் பார்த்தாள். திவாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம், ஒரு சின்னப் பிழை நடந்திட்டுது. திரும்ப அனுப்புவம்."

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. தொகுதிகள் இரண்டும் இருந்தன. நோயைத் தாங்கும் மரபணுவும் இருந்தது. கட்டுரையின் தலைப்பே இருபத்து மூன்றைப் பற்றியதாக மாறிவிட்டது. இதழுக்கு அனுப்பிய பிறகுதான் அதைப் பிரேமிளாவின் கண்ணில் காட்டினார்கள். எழுதியவர்கள்: திவாகரன், நிரோஷா, அவள் கண்ணால்கூடப் பார்த்திராத மூன்று பேர். கடைசிப் பக்கத்தில் நன்றி: 'களையெடுப்பில் உதவிய செல்வி பிரேமிளாவுக்கு.'

"என்ன சேர் இது?"

"நீர்தானே களையைக் கண்டுபிடிச்சது? உள்ளதைத்தானே போட்டிருக்கு."

"அப்ப பிழைய யாரு செஞ்சதுன்னும் போட்டிருக்கலாமே."

"கோபப்படாதையும். வயலில போட்டுப் பாக்க இன்னும் விதை வேணும். அம்மாட்ட நீரும் ஒருக்காச் சொல்லும்."

"களை புடுங்குறவகிட்ட விதை கேக்காதீங்க சேர்."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது அம்மாவின் அழைப்பு. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"ஒங்க பெரிய சேரு காலையில ஜீப்பு அனுப்பியிருந்தாரு புள்ள. டிரைவரு அம்மா அம்மான்னு எம்புட்டு மரியாதையா பேசுனாரு தெரியுமா? டின்னுல இருந்த கேப்பையப் பூரா குடுத்துட்டேன். ஒன் பேரு புத்தகத்துல வருதாமே?"

கண்டி பஸ் வந்து நின்றது. பிரேமிளா ஏறவில்லை.

"வருதும்மா," என்றாள். "வந்துருச்சு."