காலையில் மட்டும் ஓடிய கம்ப்யூட்டர்

பொத்தானை அமுக்கியதும் உள்ளே விசிறி சுழன்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் விறுவிறுவென்று இறங்கின. பிறகு விண்டோஸ் சின்னம் வந்தது. அதன் அடியில் சின்ன நீலக் கட்டங்கள் இடமிருந்து வலமாக ஊர்ந்தன. நௌஷீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சட்டென்று எல்லாம் அணைந்து திரை இருண்டது.

"பாத்தியா கண்ணு? தெனம் இதேதான்," என்றாள் யமுனா. "வெள்ளன பனியில வந்து போட்டா ஒளுங்கா வருது. வெயில் ஏறிட்டா, புடிக்காத எடத்துல பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையாட்ட, எட்டிப் பாத்துட்டு ஓடிப்போயிருது."

நௌஷீன் சிரித்தாள்.

மலைமேல் சோளக்காட்டுச் சந்தைக்கு எதிரே யமுனா இந்தச் சின்னக் கடையைத் திறந்து நான்கு மாதம்தான் ஆகிறது. மனு அடித்துக் கொடுப்பாள், பழ வியாபாரிகளுக்குச் சீட்டு அச்சடிப்பாள். கம்ப்யூட்டர் கீழே சேந்தமங்கலத்தில், நௌஷீனின் அத்தா நசீர் அகமதுவின் கடையில் வாங்கியது. அந்தக் கடையிலிருந்து வெளியே போனவற்றில், முதல் திருகிலிருந்து கடைசித் திருகுவரை நௌஷீன் தனியாகப் பூட்டியது இது ஒன்றுதான். கோளாறு என்று போன் வந்ததும் அவள் அண்ணன் ரமீஸ் கரண்ட்டைக் குறை சொல்லி, பஸ்ஸில் ஒரு ஸ்டெபிலைசர் ஏற்றி அனுப்பினான். அதனாலும் பலனில்லை.

நேற்று ராத்திரி சோறு சாப்பிடும்போது அவன் சொல்லிவிட்டான். "நீயே போய்ப் பாரு. மத்தியான பஸ்ஸுக்குள்ள சரியாகலேன்னா பொட்டியத் தூக்கிட்டு வந்துரு, நான் பாத்துக்கறேன். அதுக்கப்புறம் நீ பில் போடுற மேசையில உக்காந்துக்க. பூட்டுற வேலை எனக்கு." அத்தா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் அதை மறுக்காததுதான் நௌஷீனைத் தூங்கவிடவில்லை.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். பெட்டியின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் இருந்தன. உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்லீங்கக்கா."

"எங்க ஊட்டுக்காரரு வேலை. ஜீப்பத் தொடைக்கிற மாதிரியே இதையும் தொடைச்சாரு."

நௌஷீன் மெமரிக் குச்சியை மாற்றிப் பார்த்தாள். அணைந்தது. கரண்ட் பிரித்துத் தரும் பெட்டியைக் கழற்றி, கையோடு கொண்டு வந்த புதியதை மாட்டினாள். ஒயர்களைப் பிடுங்கி மாட்ட நேரம் பிடித்தது. இந்தத் தடவை கட்டங்கள் ஊர்ந்து முடிந்து, முகப்புத் திரையின் பச்சைப் புல்வெளிப் படமே வந்துவிட்டது. யமுனா கைதட்டினாள். தட்டிய கை இறங்குவதற்குள் திரை இருண்டது.

நௌஷீன் உடனே மறுபடி போட்டாள். கட்டங்கள் பாதியிலேயே நின்றன. இன்னொரு முறை போட்டாள். சின்னமே வரவில்லை; வெள்ளை எழுத்துகளோடு போயிற்று.

கடை மேசையில் இருந்த போன் அடித்தது. ரமீஸ்தான்.

"என்னாச்சு?"

"பாத்துட்டிருக்கேன்."

"மதர்போர்டா இருக்கும். எடுத்துட்டு வா."

"இன்னும் நேரம் இருக்குல்ல?"

"பஸ்ஸு உனக்காக நிக்காது நௌஷீன்."

யமுனா எழுந்தாள். உள்ளே போய் ஒரு தட்டில் வேகவைத்த குச்சிக்கிழங்கைக் கொண்டு வந்து வைத்தாள். "மொதல்ல சாப்புடு சாமி. பசியோட பாத்தா நல்லதும் கெட்டதாத்தான் தெரியும்."

கிழங்கின் மேல்பக்கம் ஆறியிருந்தது. நம்பிக் கடித்த நௌஷீன் ஆவென்று வாயைத் திறந்து ஊதினாள். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. யமுனா தண்ணீரை நீட்டினாள்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து போட்டபோது, பச்சைப் புல்வெளி மறுபடி வந்தது. வந்து, அணைந்தது. நௌஷீன் இந்தத் தடவை பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. அப்படியே உட்கார்ந்து யோசித்தாள்.

கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் வெகுதூரம் வருகிறது. அடுத்தடுத்துப் போட்டால் வர வரச் சீக்கிரம் சாகிறது. அப்படியென்றால் போன தடவை நடந்தது எதுவோ இந்தத் தடவைக்கும் மிச்சம் இருக்கிறது. ஆனால் ஒயரைப் பிடுங்கிவிட்டால் மெமரியில் எழுதியதெல்லாம் அழிந்துபோகும். கரண்ட் போன பிறகும் ஒரு பெட்டிக்குள் மிச்சமிருக்கக்கூடியது என்ன? பனிக்காலையில் குறைவாகவும் உச்சிப்பொழுதில் கூடுதலாகவும் இருப்பது என்ன?

"சூடு," என்றாள் வாய்விட்டே.

"கெழங்கா? இன்னுமா ஆறல?"

"இல்லீங்கக்கா. இதுக்குள்ள." இருந்த இடத்திலிருந்தே துள்ளினாள். "இங்க வந்து பாருங்க. எல்லாக் கணக்கையும் போடறது பிராசசர்னு ஒரு சில்லு. தீப்பெட்டியை விடச் சின்னது, ஆனா அடுப்பாட்டச் சுடும். அதும்மேல இந்த அலுமினியக் கட்டி உக்காந்து சூட்டை உறிஞ்சிக்கும். மேல இருக்கற விசிறி அதை ஊதி வெளியே தள்ளும். ரொம்பச் சூடாயிட்டா, எரிஞ்சுபோகாம இருக்க சில்லு தானே எல்லாத்தையும் அணைச்சிரும்."

"விசிறிதான் நல்லாச் சுத்துதே?"

அதுதான் நௌஷீனையும் இவ்வளவு நேரம் ஏமாற்றியது. அவள் மறுபடி போட்டு, விண்டோஸுக்குப் போகவிடாமல் செட்டப் பக்கத்தில் நிறுத்தினாள். அங்கே பிராசசரின் சூடு எண்ணாகத் தெரியும். எழுபது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபத்தைந்து, எண்பது. கண் எண் மேல் இருக்க, இடது கையை மெதுவாக நீட்டி அலுமினியக் கட்டியைத் தொட்டாள்.

அது குளிர்ந்து கிடந்தது.

எண் தொண்ணூறைத் தொட்டதும் திரை அணைந்தது. நௌஷீன் கையை எடுக்கவேயில்லை. சில்லு கொதிக்கிறது, அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கட்டிக்குச் சேதி போகவில்லை. நடுவில்தான் ஏதோ அறுந்திருக்கிறது. அந்த நடுவைப் பூட்டியது அவள் கை. நடுவே பூச வேண்டிய வெள்ளைப் பேஸ்ட்டை வைத்தேனா? வைத்தேன். நிச்சயமாக வைத்தேனா?

வாசலில் ஜீப் வந்து நின்றது. யமுனாவின் கணவன் பூபதி, பெட்டியைப் பஸ்ஸுக்கு ஏற்றிவிட வந்திருந்தான். "என்னங்க அம்மிணி, கட்டிரலாமுங்களா? பஸ்ஸு வார நேரமாச்சு."

"ஒரு நிமிசம் இருங்கண்ணா."

திருப்புளியால் கொக்கியை நெம்பி, கட்டியைத் தூக்கினாள். சந்தன வாசம் வந்தது. சில்லின் மேல் வறண்ட குளத்துச் சேறு போல் மஞ்சளாக ஏதோ வெடித்து, ஓரங்கள் சுருண்டு பெயர்ந்திருந்தன. ஊதினால் பறக்கும் போலிருந்தது.

"சந்தனமா இது?"

பூபதியின் முகம் மலர்ந்தது. "நான் வெச்சதுதானுங்க. பூசைக்கு ஒவ்வொண்ணாக் கழட்டித் தொடைச்சேன். அதுக்கடியில வெள்ளையா என்னமோ அப்பியிருந்துச்சு. உங்க கடையில பழைய சந்தனம் வெச்சு வெளுத்துப்போச்சாட்ட இருக்குதுன்னு, தொடைச்சுட்டுப் புதுசா வெச்சேன்."

"எங்க கடையில? எங்க அத்தா சந்தனம் வெச்சாரா?" நௌஷீனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவள் பேஸ்ட் வைத்திருந்தாள். "பூசை முடிஞ்சு உடனே கெட்டுச்சா?"

"இல்ல கண்ணு, ஒரு வாரம் ஜம்முனு ஓடுச்சு," என்றாள் யமுனா.

"ஓடியிருக்கும்! உங்க ஜீப்புல ரேடியேட்டர் நிறையத் தண்ணி, விசிறியும் சுத்துது. நடுவுல ஓஸ் குழாய் அடைச்சிருந்தா?"

"எஞ்சின் கொதிச்சிரும்."

"அதேதான். சில்லும் கட்டியும் பாக்கத்தான் வழவழன்னு இருக்கு. ஒட்டி வெச்சாலும் அங்கங்கதான் தொடும். மிச்ச இடத்துல காத்து நிக்கும். காத்து சூட்டைக் கடத்தாது. அந்த இடுக்கை அடைக்கத்தான் வெள்ளைப் பேஸ்ட். ஈரச் சந்தனமும் அடைச்சிருக்கு, அதான் ஓடுச்சு. காஞ்சு வெடிச்சதும் மறுபடி காத்து புகுந்துருச்சு."

பூபதி தலையைச் சொறிந்தான். யமுனா அவனைப் பார்த்த பார்வையில் அடுத்த பூஜைக்கு அவன் ஜீப்பை மட்டும்தான் தொடுவான் என்பது தெரிந்தது.

நௌஷீன் பையிலிருந்த பேஸ்ட்டை எடுத்து வேலையை முடித்தாள். போட்டாள். பச்சைப் புல்வெளி வந்தது, நின்றது. யமுனா ஒரு மனுவை அடித்து அச்சும் எடுத்துவிட்டாள். அப்புறமும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டியைத் தொட்டால் இப்போது வெதுவெதுவென்றிருந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது.

போன் அடித்தது.

"பொட்டி ஏத்தியாச்சா?"

"பொட்டி வரலண்ணே. சரியாயிருச்சு. பிராசசர் மேல பேஸ்ட் இல்ல."

"பூட்டும்போது நீ வெக்கவே இல்லையா? இதுக்குத்தான் சொன்னேன்."

நௌஷீன் பூபதியைப் பார்த்தாள். வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் கடையில் கிடையாது. அத்தா சொல்லி வளர்த்தது அது. பூபதிக்குப் போனில் பேசியது கேட்டிருக்க வேண்டும். கையை நீட்டி ரிசீவரை வாங்கிக்கொண்டான்.

"தம்பி, பூபதி பேசறனுங்க. அம்மிணி வெச்சதுதான். நாந்தான் தொடைச்சுட்டுச் சந்தனம் வெச்சேன். ஆமாங்க, சந்தனம். சிரிக்காதீங்க. உங்கப்பா பக்கத்துல இருந்தா அவருகிட்டயும் சொல்லிருங்க, புள்ளையோட வேலையில ஒரு கொறையும் இல்லீனு."

ரிசீவர் திரும்பி அவள் கைக்கு வந்தபோது ரமீஸ் இன்னும் இருமி இருமிச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் அத்தாவின் குரல் கேட்டது: "புள்ளை என்ன பண்ணுச்சாம்? கேளு, கேளு. நாளைக்கு நமக்கும் உதவும்."

"அத்தா கேக்கறாரு. எப்படிச் சரி பண்ணினே?"

நௌஷீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "விசிறியையும் கட்டியையும் கழட்டணும். காஞ்சதைச் சுத்தமாச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால ரெண்டு பக்கமும் தொடைக்கணும். சில்லு நடுவுல ஒரு மிளகு அளவு பேஸ்ட் வெச்சு, கட்டியை நேரா அமுக்கிக் கொக்கியை மாட்டணும். அவ்வளவுதான், ஓடும்."