டின் பீன்ஸும் வாழைப்பழமும்

அப்பாவைப் பார்க்க வந்த நாத்தனாரின் கண்ணில் முதலில் பட்டது, சமையலறை அலமாரியில் அடுக்கியிருந்த டின்கள்தான்.

“எங்கப்பாவுக்கு டப்பாக் காய்கறியா போடுற? வேலைக்குப் போற அவசரத்துல திறந்து கொட்டிட்டா முடிஞ்சுதா?”

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். மாமாவின் சிறுநீரகங்கள் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன. பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கிவிடும். கூடினால் இதயம் தாங்காது. உப்பில்லாத டின் பீன்ஸின் தண்ணீரை வடித்து, அலசிப் போட்டால் நூறு கிராமுக்கு நூறு மில்லிகிராம் அளவில்தான் பொட்டாசியம் இருக்கும். வாழைப்பழத்தில் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் தாளில் எழுதியே கொடுத்திருந்தார்.

“வைட்டமின் பழத்துலதான் கூட, இல்லேங்கல அக்கா. ஆனா மாமா உடம்புக்கு அது ஆகாது.”

“பழம் தின்னு எவன் செத்தான்? தாளைக் காட்டி என்னை ஏமாத்தாத.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கம்மா, என் காது மட்டும் நல்லாத்தான் இருக்கு” என்றார் மாமா, கட்டிலில் இருந்தபடி.

மறுநாள் துணிக்கடையில் பில் போடும் வேலை முடிந்து மாலை நாலு மணிக்கு வீடு திரும்பியவள், செருப்பைக் கழற்றும்போதே குப்பைக்கூடையைப் பார்த்தாள். நாலு வாழைப்பழத் தோல்கள். பிழிந்து போட்ட ஆரஞ்சு மூடிகள் ஏழெட்டு.

மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“மாமா, எழுந்து உக்காருங்க.”

“காலு கல்லு மாதிரி இருக்கும்மா. தூக்கவே வரல.”

நாடியைத் தொட்டாள். துடித்தது, நின்றது, யோசித்துத் துடித்தது.

“அசதிதான், தூங்கட்டும் விடு” என்றாள் நாத்தனார். குரலில் பழைய வேகம் இல்லை.

“தூங்க விட முடியாது, அக்கா.” ஆம்புலன்ஸுக்கு போன் செய்தாள். வண்டி வரும்வரை மாமாவிடம் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டுப் பேச வைத்தாள். பதில்கள் மெலிந்துகொண்டே வந்தன.

அவசரப் பிரிவில் டாக்டர் இதயத் துடிப்புத் தாளைப் பார்த்ததும் முகம் மாறினார்.

“இன்னைக்கு என்ன சாப்பிட்டார்?”

மருமகள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

“நான்தான் டாக்டர்” என்றாள் நாத்தனார். “நாலு வாழைப்பழம், ரெண்டு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ். இவ வேண்டாம்னுதான் சொன்னா. நான் கேக்கல.”

நரம்பில் ஊசி ஏறியது. டயாலிசிஸ் அறைக் கதவு சாத்தப்பட்டது. இரண்டு பெண்களும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். மூன்றரை மணி நேரம் ஓடியது.

நர்ஸ் எட்டிப் பார்த்து, “பொட்டாசியம் இறங்கிடுச்சு. பேசுறார்” என்றாள்.

நாத்தனார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். மருமகளுக்கு அவளைத் தொட்டு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் வெளியூரில் இருக்கும் கணவன் போனில் பதறியபோது, “மாமாவுக்குத் திடீர்னு முடியாமப் போச்சு. இப்ப சரியாயிட்டாரு. அக்கா கூடவே இருக்காங்க” என்று மட்டும் சொன்னாள்.

நாத்தனார் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

“தம்பி, நடந்ததை நான் சொல்றேன். குறுக்கே பேசாமக் கேளு.”