அழகம்மா பெயரில் வாங்கிய ஊசிகள்

1

மாத்தளையில் ஒரு மருந்துக்கடை வரிசையில் நின்றபோது என் காதில் விழுந்தது ஒரே ஒரு வசனம்: "பழைய ஊசியக் கொண்டாந்தாத்தான் புது ஊசி." மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இரண்டாயிரத்து மூன்று. சண்டை ஓய்ந்திருந்த ஒரு காலையில், மலைகளின் மேல் பனி...' வேண்டாம். இந்தக் கதையில் பனிக்கு வேலை இல்லை, குப்பைக்குத்தான் வேலை.

2

தெருக் குப்பை அள்ளும் அழகம்மாவின் உள்ளங்கையில், ஒரு குப்பைப் பைக்குள் கிடந்த இன்சுலின் ஊசி ஏறியது. அதே கையால், அந்தப் பை கிடந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"யாருக்கும்மா சீனி வருத்தம்?"

"மெதுவாப் பேசுங்க," என்றாள் கதவைத் திறந்த மஸூதா. "எங்கட மகள் றம்லாவுக்கு. கலியாணம் பேசி வெச்சிருக்கு. மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

"அதுக்கு எங் கையா கெடச்சுது? கடையில பழசக் குடுத்தா புதுசு குடுக்கிறாங்கல்ல?"

"கடைக்கு எதிர்வீடே மாப்பிள்ள வீடுதானே!"

[இங்கே அழகம்மாவைச் சந்தேகித்தேன். குத்துப்பட்டவள் இரங்குவாளா? அடித்து எழுதப் பார்த்தேன். அவள் விடவில்லை.]

"எங்கிட்ட குடுங்க. எம் பேர்ல மாத்திட்டு வாறேன். ஒங்க ரகசியத்துக்காக இல்ல, எங் கைக்காக."

3

மூடி போட்ட பால்மா டின்னில் பழைய ஊசிகள் போயின, புதியவை வந்தன. தெரு சுத்தமானது. ஆனால் அவள் ஊசி வாங்குவதைக் கண்ட தேத்தண்ணிக் கடை பாறூக், அழகம்மாவுக்குச் சீனி போடுவதை நிறுத்திவிட்டான்.

"என்ன பாறூக் நானா, கசக்குது?"

"ஊசி போடுற ஆளுக்குச் சீனி கேக்குதோ?"

தினமும் சண்டை. (சீனியில்லாத் தேநீர் உடம்புக்கு நல்லது என்று எனக்கு எழுத நினைக்கும் வாசகர், ஒரு தெருவைக் கூட்டிவிட்டு வந்து குடித்துப் பார்க்கவும்.)

4

இந்தச் சண்டை, மாப்பிள்ளையின் தாய் நோனாவின் காதுக்கும் போனது. மஸூதா வீட்டு வாசலில், டின்னும் கையுமாக அழகம்மா அவளிடம் அகப்பட்டாள்.

"சீனி வருத்தக்காரி சீனி கேட்டுச் சண்ட புடிப்பாளா? உண்மையச் சொல்லுங்க. யாருக்கு இந்த ஊசி?"

முடிவு ஒன்று: "எனக்குத்தாம்மா," என்கிறாள் அழகம்மா. கலியாணம் நடக்கிறது. புகுந்த வீட்டில் றம்லா ஊசியை எங்கே ஒளிப்பாள்? குப்பையில்தான். மறுபடியும் அழகம்மாவின் கை. இதைக் கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அழகம்மா உண்மையைச் சொல்கிறாள். கலியாணம்...

"அழகம்மாக்கா, டின்ன இங்க தாங்க."

என் வாக்கியத்தை முடிக்கவிடாமல் றம்லா படியிறங்கி வந்துவிட்டாள். "உள்ள வா, புள்ள!" என்று மஸூதா கத்துகிறாள். றம்லா திரும்பவில்லை.

"மாமி, இது என்ட ஊசி. பத்து வயசிலேருந்து போடுறேன். ஒங்கட வீட்டுக்கு வந்தாலும் போடுவேன்."

இனி நோனா பேசவேண்டும். அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். தெளிவாகக் கேட்கிறது. ஆனாலும் எழுதப்போவதில்லை; அவள் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். உங்கள் மகனுக்குப் பேசிய பெண், உங்கள் முன்னால் டின்னை நீட்டியபடி நிற்கிறாள்.

சொல்லுங்கள்.