அமைச்சர் குடித்த தண்ணீர்

பதினாறு ஆண்டுகளுக்கு முன் கத்தலோனியாவின் ரோவிரா ஊர்மன்றக் கூட்டத்துக்கு எவுதால் செர்ராதெய் ஒரு மண்கெண்டியோடு வந்தார். எதிர்க்கட்சி வரிசையின் கடைசி நாற்காலி அவருடையது. ஊருக்கு மேலே இன்னும் இரண்டு பன்றிப் பண்ணைகளுக்கு உரிமம் தருவது பற்றித்தான் அன்று பேச்சு. கெண்டியை மேயரின் மேசைமேல் வைத்தார்.

"ஓக் மரத்தடி ஊத்துத் தண்ணி. காலையிலதான் பிடிச்சது. ஒரு வாய் குடிங்க, நானே உங்களுக்குக் கை தூக்குறேன்."

மேயர் கெண்டியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தை ஒத்திவைத்தார். மாவட்ட நாளிதழுக்காக அதைப் படமெடுத்தவன் நான். அடுத்த தேர்தலில் எவுதால் மேயரானார்.

கெண்டி அவருடையதல்ல, ரொட்டிக்கடை ரெமெயுடையது. அந்தத் தண்ணீரைப் பிடித்ததும் அவள்தான். எவுதாலோடு ஒரே வகுப்பில் படித்தவள். பண்ணைக் கழிவை வயல்களில் கொட்டக் கொட்ட நைட்ரேட் நிலத்துக்குள் இறங்கி ஊற்றில் கலக்கிறது என்று, சோதனைக்கூடத் தாள்களை வைத்துக்கொண்டு ஊருக்குச் சொன்னவள். லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. ஓக் மரத்தடி ஊற்றில் நூற்று நாற்பது.

மேயரானதும் எவுதால் முதலில் செய்த வேலை, ஊற்றின் கல்லில் "குடிக்க வேண்டாம்" என்ற பலகையைத் திருகாணி போட்டு மாட்டியது. அதையும் நான் படமெடுத்தேன். பிறகு மாவட்ட மன்றத்துக்குப் போனார். அங்கிருந்து பார்சலோனா சட்டமன்றம். சென்ற ஆண்டு கத்தலோனிய அரசின் வேளாண் அமைச்சர். என் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினால் ஏணியின் ஒவ்வொரு படியும் தெரிகிறது. கடைசி நாற்காலியில் இருந்தபோது அவர் சொன்ன சொல் "விஷம்". மேயரானபின் "மாசு". மாவட்ட மன்றத்தில் "சவால்". சட்டமன்றத்தில் "சமநிலை". அமைச்சரான பிறகு அதைப் பற்றிய சொல்லே இல்லை. "துறையின் வளர்ச்சி" என்பதோடு சரி.

இந்த ஊர் பன்றியால் வாழ்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. ரெமெயின் கடையிலேயே தொத்திறைச்சி தொங்குகிறது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள ஊற்றில் இன்னும் நாற்பத்து மூன்றுதான். ஊர்க் குழாயில் வருவது அதுதான். அதற்கு நேர் மேலே நாலாயிரம் பன்றிகளுக்கு ஒரு பண்ணை கேட்டு வந்த கோப்பு அமைச்சர் மேசையில் இருந்தது. அதில் அவர் கையெழுத்துப் போடக் கூடாது.

மே மாத ஊற்றுத் திருநாளுக்கு எவுதால் குடும்பத்தோடு வந்தார். ஓக் மரத்தடியில் மேசைகள் போட்டிருந்தார்கள். ரொட்டியில் தக்காளி தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து கைகொடுத்தார்கள். கல்லில் பலகை இல்லை, திருகாணித் துளைகள் நான்கு மட்டும் இருந்தன. புது வண்ணம் அடிக்கக் கழற்றியதாக இப்போதைய மேயர் சொன்னார்.

ரெமெய் வந்தாள். கையில் அதே கெண்டி.

"வாப்பா அமைச்சரே. ஞாபகம் இருக்கா?"

"உன் கெண்டியை மறப்பேனா? மூக்கு உடைஞ்சிருக்கே."

"உடைஞ்சு ஒட்டினது. தண்ணி அதே ஊத்துதான். ஒரு வாய் குடி. அப்புறம் அந்தக் கோப்பைப் பத்திப் பேசலாம்."

எல்லோரும் பார்த்தார்கள். மறுப்பார் என்றுதான் நான் நினைத்தேன், அவளும் நினைத்திருப்பாள். எவுதால் மேல்சட்டையைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்தார். கெண்டியைத் தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார்.

"செத்தா போயிட்டேன்?"

சிரித்தார்கள், கைதட்டினார்கள். "அண்ணே, படம் வந்திருச்சா?" என்று உதவியாளர் என் காதருகே கேட்டான். வந்திருந்தது.

ஒரு வாய் குடித்தால் சாவார் என்று யாரும் எந்நாளும் சொன்னதில்லை. ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களைப் பற்றியும் கைக்குழந்தைகளைப் பற்றியும்தான் சொன்னோம். கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்தால் ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடம்பு நீலம் பாயும். இதை முதன்முதலில் ஊருக்குப் புரியும்படி மேடையில் சொன்னவரே எவுதால்தான்.

அப்போது மூன்றாவது மேசையில் குழந்தை அழுதது. அவருடைய மகள் எலிசெந்தாவின் நான்கு மாதக் குழந்தை. அவள் புட்டியில் பால்மாவு போட்டு, பையிலிருந்து கடைத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். ரெமெய் கெண்டியோடு அருகே போனாள்.

"அது எதுக்கும்மா? இதோ இருக்கே. உங்கப்பா இப்பத்தான் குடிச்சாரு."

எலிசெந்தா அப்பாவைப் பார்த்தாள்.

"ரெமெய், விளையாடாதே" என்றார் எவுதால்.

"நான் எங்க விளையாடினேன்? குடிச்சுக் காட்டினது நீ."

"குழந்தை விஷயம் வேற."

"வேறதான். பதினாறு வருஷமா அதைத்தான் சொல்றேன்."

எலிசெந்தா புட்டியின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். கை தானாகப் போனது. அதையும் எடுத்தேன். யாரோ ஜாடை காட்ட, வாத்தியக்காரர்கள் சர்தானா நடனத்துக்கு இசையைத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் நாளிதழின் முதல் பக்கத்தில் அமைச்சர் அண்ணாந்து குடித்தார். தலைப்பு: "ஊற்று நீருக்கு அமைச்சரின் நற்சான்று". நான் எழுதியிருந்த புட்டிச் செய்தி முழுவதும் போயிருந்தது. ஆசிரியரிடம் கேட்டேன். "அது குடும்ப விஷயம்ப்பா, விட்டுடு" என்றார். ரோவிராவில் நாலாயிரம் பன்றிக்குக் கீழே குடும்பம் நடத்துகிறவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை கோப்பில் கையெழுத்தானது. திங்களன்று மண்வெட்டும் இயந்திரங்கள் ஏறின.

இரண்டாவது படத்தைப் பெரிதாக அச்சிட்டு ரெமெயிடம் கொடுத்தேன். குழந்தையின் முகமோ தாயின் முகமோ அதில் இல்லை. ஒரு புட்டி, அதன் வாயை மூடிய ஒரு கை, எட்ட நீளும் ஒட்டுப்போட்ட கெண்டி மூக்கு. அவள் அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். கீழே ஒன்றும் எழுதவில்லை. தேவாலய ஊற்றின் அளவை மட்டும் மாதாமாதம் பக்கத்தில் மாற்றி எழுதுகிறாள்.

மேயர் நேரில் வந்து கேட்டார்.

"அமைச்சருக்குச் சங்கடமா இருக்காம். எடுத்துடேன், ரெமெய்."

ரெமெய் அவருக்கு வேண்டிய ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"அவர் குடிக்கிற படத்தை மரச்சட்டம் போட்டு மன்றத்துல மாட்டியிருக்கீங்கல்ல? அதை நீங்க கழட்டுங்க. அன்னிக்கே இதை நான் கழட்டுறேன்."

இரண்டும் இன்னும் இருக்கின்றன. இந்த மாத அளவு நாற்பத்தொன்பது.