கஸ்பர் காய்ச்சிய இத்தாலியச் சொக்கலேட்

கஸ்பருக்கு வாய் கொஞ்சம் நீளம். 1987இல் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அவனுக்கு வந்த சோதனையும் அந்த வாயால் வந்ததுதான்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை மனைவி மெற்றில்டா கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கப் போகிறாள். இவனோ இரண்டு ஆண்களோடு ஒரே அறையில் முடங்கிக் கிடக்கிறான். மாதா கோவிலில் பழக்கமான இத்தாலியக் கிழவி தெரேசா, தன் வீட்டு மேல்மாடியை வாடகைக்குத் தரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே பயம், கறி மணம். கறியா, ஞாயிறு என்றால் நாங்கள் உங்கள் ஊர்ச் சொக்கலேட்தானே காய்ச்சுவோம் என்று அடித்துவிட்டான் கஸ்பர். கிழவியின் முகம் மலர்ந்துவிட்டது; செத்துப்போன அவள் புருசன் ஞாயிறுதோறும் காய்ச்சிக் கொடுத்ததாம். கரண்டி நிற்கிற மாதிரித் தடிப்பாகவா என்று கேட்டாள். ஓம் என்றான். அப்படியானால் இந்த ஞாயிறு பூசை முடிய உன் அறைக்கு வந்து குடித்துப் பார்த்தே மேல்மாடிக் கதவின் திறப்பைத் தருவேன் என்றாள். பாவி மனிசன், அதற்கும் ஓம் என்றான்.

ஞாயிறு காலை பாலைக் காய்ச்சி, கொக்கோவும் சீனியும் போட்டுத் துழாவினான். கை ஓய்ந்ததுதான் மிச்சம், அது தண்ணீராகவே கிடந்தது. கடைகளெல்லாம் பூட்டு. அலுமாரியைக் கிளறியபோது ஊரிலிருந்து வந்த ஒடியல் மா அகப்பட்டது. கூழைத் தடிப்பாக்குகிற பனங்கிழங்கு மா இதைத் தடிப்பாக்காதா என்ன? இரண்டு பிடி அள்ளிப் போட்டு, நெருப்பைக் குறைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அங்கேதான் பிழை விட்டான்.

இரவு வேலை முடிந்து வந்த அறைக்கூட்டாளி செபமாலைமுத்து அண்ணைக்கு வாசலிலேயே ஒடியல் மணம் மூக்கில் ஏறியது. எங்கள் ஆட்களின் வீட்டில் கூழ்ச் சட்டி ஒருவருடைய சொத்தல்ல. கண்டவர் தன் பங்குக்கு எதையாவது போட வேண்டும். அதுதான் மரியாதை. அண்ணை ஒரு துளி நக்கிப் பார்த்தார்.

"உப்புமில்லை, உறைப்புமில்லை. ஆரடா இதை வைச்சது?"

புளியைக் கரைத்து, செத்தல் மிளகாயை அரைத்து, உப்போடு ஊற்றினார். அறையிலிருந்து எழும்பி வந்த மற்றக் கூட்டாளி பத்மநாதன், நண்டில்லாத கூழும் ஒரு கூழா என்று மனம் வெந்து, தான் வாங்கி வைத்திருந்த நண்டுகளை உடைத்துப் போட்டான். ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது என்று அவன் கேட்க, அடிப்பிடித்திருக்கும் என்றார் அண்ணை.

கஸ்பர் டை கட்டிக்கொண்டு வரும்போது கிழவி மேசைக்கு வந்து இருந்துவிட்டாள். சட்டியைத் திறந்தான். நண்டுக்கால் ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. மெற்றில்டாவும் பிள்ளையும் ஹீத்ரோவில் பெட்டிக்கு மேல் குந்தியிருப்பது அவனுக்குக் கண்முன்னே தெரிந்தது. அழுகை வந்தது. இனி என்ன செய்ய, கோப்பையில் ஊற்றிக் கரண்டியைக் குத்தினான். நின்றது. அந்த மட்டில் அவன் சொன்ன சொல் தவறவில்லை.

கிழவி ஒரு வாய் குடித்தாள். முகம் சிவந்து, மூக்கு ஓடியது. சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு நண்டுக்காலை எடுத்துக் கடித்து உறிஞ்சினாள். மற்றக் காலையும் தேடினாள்.

கைப்பையிலிருந்து திறப்பு மேசைக்கு வந்தது. கஸ்பர் கையை நீட்ட, பொறு என்று தடுத்தாள். அவளுடைய இங்கிலீசைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"என்ன கறி வேண்டுமானாலும் வை. எனக்கும் ஒரு கோப்பை தா. ஆனால் என் வீட்டில் சொக்கலேட் மட்டும் காய்ச்சக் கூடாது. மோட்சத்தில் இருக்கிற என் புருசனுக்கு மணந்துவிடும்."